மாறிப்போன கைரேகை

அச்சகத்தின் மூலையில், ஒரு கால் குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்து, மடிக்கணினியின் திரையில் தெரிந்த எச்சரிக்கையை அவள் மறுபடி மறுபடி படித்தாள். 'மறுமுனைக் கணினியின் கைரேகை மாறியிருக்கிறது. நடுவில் யாரோ இருக்கலாம். தொடரவா?'

"என்னம்மா, ஃபைல் வருதா, இல்ல நடந்து வருதா?" என்றார் அச்சகக்காரர். "நாலு மணிக்கு மெஷின் காலியா இருந்தா காலண்டரை ஏத்திடுவேன். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு மெஷின் எனக்கே சொந்தமில்ல."

அவள் எழுதி, அவளே வரைந்த முதல் படப்புத்தகம் அது. கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஒரு சிறுமியின் கதை. இன்று தவறினால் புத்தகக் கடைக்காரர்கள் ஆர்டரை ரத்து செய்துவிடுவார்கள்.

பென்டிரைவில் கொண்டு வந்திருக்கலாம்தான். ஆனால் முன்பு கூடவே தொழில் செய்த கூட்டாளி, அவள் பையிலிருந்த பென்டிரைவிலிருந்து ஓர் அட்டைப்படத்தை உருவிக்கொண்டுபோய்த் தன் பெயரில் விற்றிருந்தான். சூடு கண்ட பூனை அவள். அன்றிலிருந்து படங்கள் வீட்டுக் கணினியை விட்டு வெளியே போனதில்லை. வீட்டு ரவுட்டர், முன்பின் தெரியாத யாரையும் உள்ளே விடாத காவல்காரன். அதில் தனக்கென்று மட்டும் ஒரு வழி திறந்து வைத்திருந்தாள். வெளியூரிலிருந்து அதைத் தட்டினால், வீட்டுக் கணினி முதலில் தன் கைரேகையைக் காட்டும். நீளமான எழுத்துக்கோவை அது. மடிக்கணினி தன் நினைவில் இருப்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடவுச்சொல்லையே கேட்கும்.

இத்தனை நாளில் அந்த ரேகை மாறியதே இல்லை. இப்போது 'ஆம்' என்று சொல்லிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும்? கூட்டாளியின் முகம் அவள் நினைவுக்கு வந்தது. அந்த ரவுட்டரை வாங்கிய நாளில் பக்கத்தில் நின்று யோசனை சொன்னவனே அவன்தான்.

கணவனை அழைத்தாள். லிஃப்ட் மெக்கானிக். இன்று அவனுக்கு விடுமுறை.

"என்னங்க, என் கம்ப்யூட்டரை யாராவது தொட்டாங்களா?"

"யாரு தொடப்போறா? பேய் வந்து தொட்டாதான் உண்டு."

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"ஒரு ஈ வந்துச்சு. விரட்டிட்டேன்."

அவன் பதில்கள் கேள்வி முடியுமுன்பே வந்து விழுந்தன. வழக்கமாக 'சாப்டீங்களா' என்று கேட்டாலே யோசித்துச் சொல்லுகிற மனுஷன்.

"அதோட முன்னாடி உக்காருங்க. நான் சொல்றதை டைப் பண்ணுங்க. ஒரு நீள வரி வரும். ஒவ்வொரு எழுத்தா படிங்க."

"எதுக்கு?"

"படிங்கன்னா படிங்க."

அவன் படித்தான். பெரிய கே, ஏழு, சின்ன எம். எச்சரிக்கையின் கீழே தெரிந்த புதிய ரேகையை அவள் தன் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. பாதி வழியில் அவளுக்கு மூச்சு வந்தது. தான் தட்டிய கதவைத் திறந்தது வீட்டில் இருக்கும் கணினியேதான். நடுவில் யாரும் இல்லை. கூட்டாளி பாவம், எங்கேயோ தூங்கிக்கொண்டிருப்பான்.

கடைசி எழுத்து வந்தபோது அந்த மூச்சு மறுபடி நின்றது. ரேகை மாறியது உண்மை. நடுவில் யாரும் இல்லையென்றால் மாறியது வீட்டுக்குள்.

"என்னங்க, அது என் கம்ப்யூட்டர் இல்ல."

"உன்னோடதுதான். பொம்மை ஸ்டிக்கர்கூட இருக்கு பாரு."

"பொம்மைக்குக் கைரேகை கிடையாது. உண்மையைச் சொல்லுங்க."

நீண்ட பெருமூச்சு கேட்டது. "தூசு தட்டலாம்னு கழட்டினேன். மாட்டினா புகைஞ்சுது. கடையில கேட்டா, உன் படம் இருக்கிற டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலேன்னான். அதே மாடல்ல புதுசு வாங்கி, படமெல்லாம் அதுல காப்பி பண்ணி, பேரு, பாஸ்வேர்டு, வெளியிலேருந்து நுழையற வழி, வால்பேப்பர், ஸ்டிக்கர் எல்லாம் அப்படியே வெச்சேன். இப்படி ஒரு ரேகை இருக்கும்னு எவன் கண்டான்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க."

"திட்றதை வீட்டுக்கு வந்து திட்டு. இப்போ வேலையைப் பாரு."

அவள் 'ஆம்' என்றாள். உள்ளே போனாள். படங்கள் இருந்தன. ஆனால் புத்தகம் இரண்டு கோப்புகளில், பழையதும் திருத்தியதுமாக இருந்தது. இரண்டுக்கும் அவள் வைத்திருந்த பெயர்கள் 'முடிவு', 'முடிவு புதுசு'. எதைக் கடைசியாகத் தொட்டோம் என்று எப்போதும் தேதியைப் பார்த்துத்தான் சொல்வாள். காப்பி செய்ததில் இரண்டிலும் ஒரே தேதி. வீட்டு இணைப்பு ஆமை. நாலு மணிக்குள் ஒன்றுதான் வந்து சேரும்.

"ரெண்டையும் திறந்து பாருங்க. எது சரியானதுன்னு சொல்லுங்க."

இப்போது பதில் உடனே வரவில்லை. அது அவளுக்கு நல்லதாகப் பட்டது.

"எனக்குத் தெரியலம்மா. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டு உன்னை மாட்டிவிட மாட்டேன்."

"புயல் வர்ற பக்கத்துக்குப் போங்க. அந்தப் பொண்ணு கையைப் பாருங்க."

மவுஸ் சொடுக்கும் சத்தம். "முடிவுல கயிறு பிடிச்சிருக்கு. முடிவு புதுசுல... வெறுங்கை."

புதுசு என்று பெயர் வைத்த பிறகுதான், கயிறில்லாமல் அந்தச் சிறுமி புயலில் நிற்பாளா என்று யோசித்துப் பழையதிலேயே போய்க் கயிறு வரைந்திருந்தாள். அது நினைவுக்கு வந்தது. 'முடிவு' என்பதை இழுத்தாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. அச்சகக்காரர் காலண்டரின் அச்சுத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

கோப்பு வந்து, அளவும் சரிபார்ப்பு எண்ணும் பொருந்தின. புயல் பக்கத்தைத் திறந்தாள். சிறுமியின் கையில் கயிறு இருந்தது.

"ஏத்துங்க சார்," என்றாள். மெஷின் உறுமியது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கோபமா?" என்றான் கணவன்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுல வேற எதையாவது இப்படி மாத்தி வெச்சிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வாஷிங் மெஷினையும் சொல்லணுமா?"