வெளியில் இங்கிலீஷ்

எலோய்சாவின் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கதவுக்கு உள்ளே ஸ்பானிஷ், கதவைத் தாண்டினால் இங்கிலீஷ். சட்டம் போட்டவளுக்கு இங்கிலீஷில் யெஸ், நோ, தேங்க்யூ தவிர ஒன்றும் வராது என்பது வேறு விஷயம். சட்டம் அவளுக்காகப் போட்டது இல்லை, சின்ன மகள் மைத்தேக்காக.

போன வருஷம் பஸ்ஸில் மைத்தே ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்பானிஷில் பாடிக்கொண்டு வந்தாள். பின் சீட்டு ஆள் ஒருவன் எழுந்து வந்து கத்தினான். வார்த்தை புரியாவிட்டாலும் எலோய்சாவுக்கு முகம் புரிந்தது. பாதி வழியிலேயே இறங்கி, ஹூஸ்டன் வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்றைக்குப் போட்ட சட்டம்.

பழக்கிவிட்டது பக்கத்து வீட்டு கிராசியேலா. மைத்தேயின் ஞானத்தாய் அவள். ஒரு நாள் கடைக்காரியாக வருவாள், ஒரு நாள் போலீஸாக. ஒரு நாள் மூக்குக் கண்ணாடி மாட்டி, கையில் ஃபைலோடு ஆபீஸ் அம்மாவாக வருவாள். வந்து தேன் ஒழுக ஸ்பானிஷில் கேட்பாள்.

"கண்ணு, உன் பேரு என்னடா?"

மைத்தே ஏமாறாமல் இங்கிலீஷிலேயே பதில் சொன்னால் ஒரு புளி மிட்டாய். மிளகாய்த்தூள் தூவிய மிட்டாய், அவளுக்கு உயிர். வெளியில் அம்மாவிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் காதோடு காதாகச் சொல்லலாம். அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி.

"இவள சிஐஏ-ல சேர்த்துரலாம்டி, அடிச்சாக்கூட ஸ்பானிஷ் வராது," என்று கிராசியேலா சிரிப்பாள்.

அந்தக் கிராசியேலாதான் பள்ளிக்கூடச் சேதியையும் கொண்டுவந்தாள். அந்தப் பகுதிப் பள்ளியில் இருமொழி வகுப்பு. காலையில் ஸ்பானிஷ், மத்தியானம் இங்கிலீஷ். இரண்டிலும் எழுதப் படிக்கச் சொல்லித் தருவார்கள். பாதி இடம் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு, அவர்களைப் பேசவைத்துப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பாதி மற்றவர்களுக்கு, அது குலுக்கல்.

"அந்தக் குலுக்கலுக்கு ஊரே அடிச்சுக்குது. பெரிய பெரிய கார்ல வர்றாங்க. நமக்கு அந்தக் கவல இல்ல. உன் பொண்ணு வாயத் திறந்தா போதும், சீட்டு."

எலோய்சாவுக்கு அன்று ஆசையில் சோறு இறங்கவில்லை. காரணம் மூத்தவள் யாரெலி. பதினாறு வயது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஸ்பானிஷ் அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, இப்போது "சாப்பிட வா", "கதவச் சாத்து" மட்டும் மிச்சம். அதற்கு மேல் பேச வேண்டுமானால் அம்மாவும் மகளும் மொழிபெயர்க்க நடுவில் கைபேசியை வைத்துக்கொள்வார்கள். போன மாதம் யாரெலி ஒரு சாயங்காலம் முழுக்கத் தேம்பித் தேம்பி அழுதாள். என்னம்மா என்று கேட்டதற்குக் கைபேசியிடம் ஏதோ சொன்னாள். அதுவும் ஏதோ ஒன்றை எடுத்துச் சொன்னது. அந்த வாக்கியத்துக்கும் அந்த அழுகைக்கும் சம்பந்தமே இல்லை. எலோய்சா முதுகைத் தடவிவிட்டாள். வேறு என்ன செய்ய? எதற்கு அழுதாள் என்று இன்றுவரை தெரியாது.

சின்னவளாவது என்னிடம் தங்கட்டும். அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

தேர்வன்று காலையில் எலோய்சா வேலை செய்யும் வீட்டு எஜமானி விட்னி போனில் கூப்பிட்டாள். விட்னியின் மகள் எல்சியை ஆறு மாதக் குழந்தையிலிருந்து வளர்ப்பது எலோய்சாதான். தாலாட்டு, குளியல், ஊட்டுவது, அதட்டுவது எல்லாம் ஸ்பானிஷில்.

"எல்சிக்கும் இன்னிக்குத்தான் டெஸ்ட். எனக்கு மீட்டிங். நீயே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுறியா?" என்று அரைகுறை ஸ்பானிஷில் கேட்டாள் விட்னி. "ஸ்பானிஷ் பக்கம்தான் கேட்டிருக்கேன். குலுக்கல்ல கூட்டம் தாங்கல."

எலோய்சா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைத்தேக்கு இரட்டைப் பின்னல் போட்டு, வெள்ளைக் காலுறை மாட்டிவிட்டு, வாசலில் வைத்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உள்ள ஒரு டீச்சர் கேப்பாங்க. நாங்க சொல்லிக் குடுத்த மாதிரி நல்லா பதில் சொல்லணும், சரியா?"

"சரிம்மா," என்றாள் மைத்தே. அப்போது அவள் இன்னும் கதவுக்கு உள்ளேதான் நின்றாள்.

பள்ளியில் நீளமான தாழ்வாரம். தேர்வு அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சும் வெளியே கேட்டது. முதலில் எல்சி போனாள். டீச்சரின் பெயர் பரேதெஸ், இளவயதுதான். படம் காட்டினாள்.

"இது நாய். எலோய்சா ஊர்ல ஒரு கறுப்பு நாய் இருந்துச்சு, கோழியத் தூக்கிட்டு ஓடிருச்சு. அது நாயா, சனியன். அவங்க அப்பா செருப்பக் கழட்டிட்டே துரத்துனாரு," என்று எல்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அடியே, அப்படியே வெராக்ரூஸ்காரி மாதிரி பேசுறியே."

வெளியே எலோய்சாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெராக்ரூஸ் அவள் பிறந்த ஊர்; சொல், இழுவை, இடுப்புக் கை, எல்லாம் அவளுடையது. ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்து மைத்தே. நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். டீச்சரின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. கிராசியேலாவிடம் ஏமாறாமல் மிட்டாய் வாங்கும்போது வரும் அதே சிரிப்பு. எலோய்சா கண்ணாடியோடு ஒட்டி நின்றாள்.

"கண்ணு, உன் பேரு என்ன?"

"மை நேம் இஸ் மைத்தே."

"வீட்ல யார் யாரு இருக்காங்க?"

"மை மாம் அண்ட் மை சிஸ்டர்."

"அழகா சொல்ற. இதையே ஸ்பானிஷ்ல சொல்லு பாப்போம்."

"நோ."

"ஸ்பானிஷ் தெரியாதா, தங்கம்?"

"நோ, மேம்."

மைத்தே கண்ணாடிப் பக்கம் திரும்பி, அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

எலோய்சா கதவைத் தட்டினாள். தட்டியபடியே திறந்துவிட்டாள்.

"டீச்சர், அவளுக்குத் தெரியும். அவ தூக்கத்துல உளர்றதுகூட ஸ்பானிஷ்ல. நாங்கதான் வெளிய பேசாதேன்னு..."

"நீங்க உள்ள வரக்கூடாதுங்க." டீச்சர் எழுந்து வந்தாள். குரலில் கடுமை இல்லை. "எனக்குப் புரியுது. ஆனா என் காதுல விழுந்ததத்தான் நான் எழுத முடியும்."

"நாளைக்குக் கூட்டிட்டு வரேன். சாயங்காலம் வேணும்னாலும் வரேன்."

"ஒரு பிள்ளைக்கு ஒரு தடவதாங்க. இந்த முதல் வகுப்ப விட்டா நடுவுல சேர்க்கறதும் கிடையாது. உங்க பொண்ணு பேரு குலுக்கலுக்குப் போகும். கூட்டம் ஜாஸ்தி, பொய் சொல்ல மாட்டேன்." பிறகு ஆறுதலாக, "ஆனா இங்கிலீஷ் எவ்வளவு சுத்தமா பேசுறா பாருங்க. இவ எங்க போனாலும் பொழச்சுக்குவா," என்றாள்.

எலோய்சா தரையில் முட்டி போட்டு மகளின் தோளைப் பிடித்தாள்.

"பேசு மைத்தே. இங்கயே பேசு. டீச்சருக்குக் கேக்கற மாதிரி. நாய் கதையச் சொல்லு."

மைத்தே அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். இது கஷ்டமான ஆட்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மாவே ஏமாற்றப் பார்க்கிறாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் உதடு பட, சுத்தமான ஸ்பானிஷில் ரகசியம் சொன்னாள்.

"அம்மா, நாம வெளிய இருக்கோம்."

டீச்சர் ஃபைலை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் எல்சி பாடினாள். மைத்தேயின் பாட்டுதான், எலோய்சா சொல்லிக்கொடுத்தது. குரலெடுத்துப் பாடினாள். முன் சீட்டிலிருந்த பெண் திரும்பிப் பார்த்து, எல்சியின் பொன்னிறத் தலையைப் பார்த்து, சிரித்தபடி ஏதோ சொன்னாள். "ஸ்மார்ட்" என்ற வார்த்தை மட்டும் எலோய்சாவுக்குப் பிடிபட்டது. யாரும் எழுந்து வரவில்லை. மைத்தேதான் பதறிப்போய்த் தன் கையால் எல்சியின் வாயைப் பொத்தினாள்.

கைபேசி அதிர்ந்தது. விட்னியின் செய்தி. பொத்தானை அழுத்தியதும் கைபேசி அதை ஸ்பானிஷில் படித்தது. "எல்சிக்கு இடம் உறுதியாகிவிட்டது. இவை யாவும் உங்களாலேயே நிகழ்ந்தன. மிக்க நன்றி." யாரெலியின் அழுகையை எடுத்துச் சொன்ன அதே குரல்.

மைத்தே சட்டையைப் பிடித்து இழுத்தாள். எம்பிக் காதருகே வந்தாள்.

"அம்மா, நான் ஒரு வார்த்தகூட சொல்லல. ஜெயிச்சேனா?"

பஸ் குலுங்கிக்கொண்டு போனது. எலோய்சா பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மிட்டாய் கிடைத்தது. காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் பிய்த்து எடுத்தாள். மகள் இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யெஸ்," என்றாள் எலோய்சா.