பாதி விலை ஞாயிறு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் சாப்பிடுவதில்லை. அங்கே டைப்ரைட்டர்கள் குடியிருக்கின்றன. நானும் எர்வினும் சமையலறையில் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போகிறோம். எர்வின் என் கணவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரிந்தவன், அதனால் மரியாதையெல்லாம் கிடையாது.

அத்தனை இருந்தும் அவனுக்கு ஒரு குறை. கையால் எழுதியதுபோல் சாய்ந்து சேர்ந்த எழுத்து விழுகிற டைப்ரைட்டர் ஒன்று வேண்டும். மில்வாக்கியில் மாதாமாதம் பீர்க்கடையில் கூடி, ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு படபடவென்று அடிக்கிற அவனுடைய டைப்ரைட்டர் கூட்டத்தில் யாரிடமும் அது இல்லை. ஏங்கி ஏங்கியே மனுஷன் பாதியாகிவிட்டான். எனக்கே பாவமாக இருக்கும்.

போன சனிக்கிழமை ஒரு வீட்டில் சாமான் விற்பனை. வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கரண்டி முதல் கட்டில் வரை விலைச்சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். நான் கண்ணாடிக் கிண்ணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எர்வின் வந்து முழங்கையைக் கிள்ளினான்.

"பெர்னிஸ், கீழ வா. வாயைத் திறக்காத."

நிலவறையில், சலவை இயந்திரத்தின் மேல் கறுப்பாக ஒன்று இருந்தது. கண்ணாடி பதித்த வட்டப் பொத்தான்கள். அவன் அடித்துப் பார்த்த தாளைக் காட்டினான். ரிப்பன் காய்ந்து மை மங்கியிருந்தும் கல்யாணப் பத்திரிகை எழுத்துபோல் அவ்வளவு அழகு.

"அப்புறம் என்ன, தூக்கு," என்றேன்.

"நாளைக்குக் கடைசி நாள், எல்லாமே பாதி விலை."

"அதுக்குள்ள எவனாவது கொண்டுபோயிட்டா?"

"போக மாட்டான். எங்க ஆளுங்க எல்லாம் சிகாகோ சந்தைக்குப் போயிருக்காங்க."

தாளை உருவிப் பையில் திணித்துக்கொண்டு, பின்பக்கமிருந்த சின்னப் பிடியைத் தள்ளினான். எழுத்து விழ விழ நகர வேண்டிய மேல்பகுதி அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் இம்மி அசையவில்லை.

"பூட்டிட்டேன். விஷயம் தெரியாதவன் செத்துப்போச்சுன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிடுவான். நாங்க எல்லாரும் பண்றதுதான்."

"கஞ்சப் பிசிநாறி," என்றேன். அவன் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்தவற்றையெல்லாம் நெருக்கித் தள்ளி, நடுவில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கினான். அன்றிரவு விசிலடித்துக்கொண்டே படுத்தான்.

ஞாயிறு சர்ச் பூசை முடிந்து அந்த வீட்டுக்குப் போனோம். வாசலில் எதிரே வந்த பெண்ணின் இடுப்பில் அது உட்கார்ந்திருந்தது. பணமும் கட்டியாகிவிட்டது. விரல்களிலெல்லாம் மோதிரம், ஒவ்வொரு மோதிரத்திலும் ஒரு டைப்ரைட்டர் பொத்தான். எர்வினுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொத்தான்களை வெட்டி நகை செய்கிறவர்களின் பேச்சை எடுத்தாலே அவர்கள் கூட்டம் கொதிக்கும்.

"ஏம்மா, அதை என்ன பண்ணப் போற?"

"பிரேஸ்லெட். ஒரு கல்யாணப் பொண்ணு காத்துட்டு இருக்கா."

"எனக்குக் குடுத்துடேன். நீ போட்டதுக்கு ரெண்டு மடங்கு தரேன்."

"வாக்குக் குடுத்துட்டேனே." அவன் முகத்தைப் பார்த்து இரங்கினாள்போல. "கவலைப்படாதீங்க. உயிரோட இருக்கிறதுல நான் கையே வைக்க மாட்டேன். செத்ததை மட்டும்தான் வெட்டுவேன். இது வெறும் கட்டை, அசையவே இல்ல."

எர்வின் என்னைப் பார்த்தான். நான் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தேன். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அது அந்தக் கல்யாணப் பெண்ணின் கையில் போய்த் தொங்கும். நன்றாக முழிக்கட்டும் என்றிருந்தது.

"அதைக் கொஞ்சம் கீழ வை," என்றான்.

படிக்கட்டில் வைத்தாள். பிடியை இழுத்துவிட்டான். பொத்தானைத் தட்டினான், மேல்பகுதி நகர்ந்தது. வரி முடியும் வரை தட்டினான், மணி அடித்தது.

"சாகல. பூட்டியிருந்துச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பூட்டினேன். நேத்து. பாதி விலைக்கு எடுக்கலாம்னு."

அவள் விற்பனை ரசீதைத் திருப்பிச் செருகித் தன் பெயரை அடித்தாள்: ஜோலீன். மறுபடியும் அடித்தாள். தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"வெட்ட மாட்டேல்ல?" என்றான் எர்வின்.

"இதையா? உயிரோட இருக்கே. இது எங்கிட்டயே இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு வேற தேடணும்."

"விக்கிறியா?"

"ம்ஹூம்." தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். முழு விலைக்கு எனக்குக் கட்டுப்படி ஆகியிருக்காது."

எர்வின் கோட்டுப் பையிலிருந்து, இதற்கென்றே கொண்டுவந்திருந்த புது ரிப்பனை எடுத்து அவளிடம் நீட்டினான். "பழசு காஞ்சுபோச்சு. இதைப் போட்டுக்கோ."

காரில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அன்று மதியம், மேசை நடுவில் அவன் ஒதுக்கிவைத்த இடத்தில் இரண்டு தட்டுகளை இடித்துப்பிடித்து வைத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டோம்.