தெருப்பக்கத்து ஜன்னல்

1

இந்தக் கதை எனக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. பக்கத்தில் நின்ற பெண் போனில் கத்தினாள்: "வூடு கட்றீங்களா, நீர்மூழ்கி கட்றீங்களா?" அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. மறுமுனை என்ன சொன்னதென்று தெரியாமல் வீடு வந்தேன்.

அவளுக்குச் சாந்தினி என்று பெயர் வைத்தேன். கணவன் குமரேசனைத் தூரத்துத் துறைமுக நகரில், நீர்மூழ்கிக் கப்பல் வடிவமைக்கும் அலுவலகத்தில் உட்காரவைத்தேன். குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு நீர்மூழ்கி எதற்கு என்பீர்கள். நீர்மூழ்கிகளைப் பற்றிப் படித்துப் பார்த்தேன், எல்லாம் குடும்ப விஷயம்தான்.

2

முதல் தொடக்கம்: "கடலின் ஆழத்தைப் போலவே அவளுடைய மௌனமும்..." வேண்டாம்.

இரண்டாவது: நீர்மூழ்கியில் ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும். நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோக்கள் கூடுதலாக வேண்டுமென்றால் கப்பல் நீளும். நீண்டால் விலை ஏறும். வெளிச்சுவரில் போடும் ஒவ்வொரு துளையும் கடலின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால், துளை குறைந்தால் செலவு குறையும். பெரிய மிச்சம் ஆளைக் குறைப்பதில்தான். ஒரு மாலுமி இறங்கினால் அவன் படுக்கை, சோறு, குடிநீர், மூச்சுக்காற்று எல்லாம் கூடவே இறங்கிவிடும்.

(ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்தால் அடைக்கக் கை போதாது. இதை அடைப்புக்குறிக்குள் போட்டு மறக்கப் பார்த்தேன்.)

3

பாதி எழும்பிய சமையலறையில் சாந்தினி நிற்கிறாள். தெருப்பக்கச் சுவரில் ஜன்னலுக்கு இடம் விட்டிருக்கிறார் ராஜாராம் மேஸ்திரி. குமரேசன் அனுப்பிய பிளானில் அங்கே ஜன்னல் இல்லை.

"இன்னாம்மா, அடைக்கவா, வுடவா? கலவ காஞ்சிகினு கீது."

அவள் குமரேசனுக்குப் போன் போட்டாள்.

"காத்துக்குப் பின்பக்கம் ஒண்ணு கீதே சாந்தினி. தெருப்பக்கம் எதுக்கு? தூசி, சத்தம். கிரில்லு, கொசுவலை, எல்லாம் தண்டம்."

"காத்துக்கா கேட்டேன்?"

"பின்ன?"

"தெருவுல யாராச்சும் போவாங்க. பாப்பேன். நீங்க அங்க கீறீங்க. இந்த வூட்ல இருக்கப்போறது யாரு?"

"கப்பல் வேல முடிஞ்சா வந்துருவேன்ல."

"அது முடிஞ்சா அடுத்த கப்பலு."

அவன் மறுபடி கிரில் விலைக்குப் போனான்.

"வூடு கட்றீங்களா, நீர்மூழ்கி கட்றீங்களா?"

4

இங்கே பேனா நின்றது. குமரேசனைக் கெட்டவனாக்க மனம் வரவில்லை. மிச்சம் பிடித்தால் சீக்கிரம் அவளிடம் வந்துவிடலாம் என்பதுதான் அவன் கணக்கு.

கோபம் என்மேல்தான் வந்தது. முதலில் எழுதிய பிரதியில் சாந்தினிக்குக் கீர்த்தி என்று ஓர் அக்கா இருந்தாள். வாய் ஓயாத மாமியார் இருந்தார். எதிர்வீட்டில் ஆண்டாளம்மாள். கதை நீள்கிறதென்று மூவரையும் இறக்கினேன். கதை கச்சிதமாகிவிட்டது. இப்போது அவள் கண் கலங்குகிறது, ஏனென்று கேட்கக் கதைக்குள் ஆளில்லை.

5

ஒரு முடிவு: குமரேசன் லீவு போட்டு வருகிறான். என் வழக்கமான வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவன் திரும்பிப் போவதையும் எழுத வேண்டிவரும்.

இன்னொரு முடிவு: சுவரை அடைத்துவிடுகிறார்கள். அவளும் மெல்லப் பழகிக்...

முடியாது. மிச்சமிருக்கும் இடத்தில் தெருவோடு ஒருத்தியை நடக்கவிடுகிறேன். பாஞ்சாலி, இடுப்பில் கீரைக்கூடை.

"இன்னாடி சாந்தினி, மூஞ்சி வீங்கிக் கீது? நாஷ்டா துன்னியா?"

"இல்லக்கா."

"வெறும் வயித்துல அழுவாத. அழுவ சரியா வராது."

சாந்தினி சிரித்துவிட்டாள். ஜன்னலுக்கு விட்ட இடம் வழியாகவே பாஞ்சாலி ஒரு கட்டு முருங்கைக்கீரையை நீட்டினாள்.

போன் இன்னும் சாந்தினியின் காதில்தான் இருந்தது.

"யாரு அது?" என்றான் குமரேசன்.

"தெருவுல போறவங்க."

அடுத்து மறுமுனையில் அவன் என்ன சொல்வான் என்று பஸ் ஸ்டாண்டிலும் எனக்குத் தெரியவில்லை, இங்கேயும் தெரியவில்லை. மேஸ்திரி செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.