நாலு கடையறைகள்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மா எனக்குத் தந்த வீட்டை நான் என் மகள் ஸுல்பிகாவுக்குக் கொடுக்க வேண்டும். வீடும் சுற்று நிலமுமாக, கல்முனைக்குடி மெயின் றோட்டைப் பார்த்த வளவு அது. எண்பத்தொன்றில் என் கணவர் மக்கீன், வளவின் முன்பக்கம் நாலு கடையறை கட்டி வாடகைக்கு விட வேண்டுமென்றார்.

"பேங்கில கேளுங்களேன்" என்றேன்.

"வட்டி இந்த வாசலுக்குள்ள வரப்படாது ஜுனைதா. றஸாக் ஹாஜியார் வட்டியில்லாமத் தாறாராம்."

ஹாஜியார் அறுபதாயிரம் தந்தார். ஈடாக, வீட்டை வளவோடு அவர் பேருக்கு உறுதி எழுதிக் கொடுத்தேன். எண்பத்திரண்டு தையிலிருந்து ஐந்து வருடத்துக்குள் காசைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவார்; தவறினால் வீடு அவருக்கு. அதுவரை இரண்டு அறையின் வாடகை, மாதம் எண்ணூறு, அவருக்குப் போகும். அறை பூட்டிக் கிடந்தாலும் அந்த எண்ணூறு போக வேண்டும்.

"இது வட்டியில்லையா?" என்று கேட்டேன்.

"வாடகை" என்றார் என் கணவர்.

நான் கையொப்பம் வைத்தேன்.

மற்ற இரண்டு அறையின் எண்ணூறை அவர் தொடவேயில்லை. மாதாமாதம் அலுமாரிக்குள் வைத்தார். "இந்த அறைகள் தங்கட கடனைத் தாங்களே அடைச்சிரும், பாரேன்" என்பார். முதல் அறையில் தையல்காரர் தங்கராசா இருந்தார். வாடகை கொண்டுவரும்போதெல்லாம், "முதலாளி, உங்கட சேட்டுக்குத் துணி கூடிக்கொண்டே போகுது, வாடகையைக் குறையுங்க" என்று என் கணவரின் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்.

எண்பத்தைந்து சித்திரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் வந்தது. தங்கராசா தையல் மெசினை வண்டிலில் ஏற்றிவிட்டு, அறையைப் பூட்டித் திறப்பை இவர் கையில் வைத்தார். அடுத்த அறையும் காலியானது. மிஞ்சிய இரண்டின் வாடகை அப்படியே ஹாஜியாருக்குப் போனது. அலுமாரியில் முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் ஏறவில்லை.

தவணை எண்பத்தாறு மார்கழி முப்பத்தொன்று. ஐப்பசியில் இவர் சவளக்கடை வயலை விற்று மிச்சத்தைச் சேர்த்தார். அறுபதாயிரத்தையும் சாரத் துணியில் முடிந்து வைத்து, "திங்கக்கிழமை உறுதியைத் திருப்பி எழுத நொத்தாரிசிட்டப் போவம்" என்றார். சனிக்கிழமை லுஹர் தொழுகைக்கு வுழூச் செய்யத் தண்ணீருக்குக் குனிந்தவர் நிமிரவில்லை.

இவர் மவுத்தாகி நான் இத்தாவில் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது. தவணை அதற்குள் முடிகிறது. என் மூத்த சகோதரர் ஜவுபர் காக்காவிடம் முடிச்சைக் கொடுத்து ஹாஜியாரிடம் அனுப்பினேன். அவர் அதோடேயே திரும்பி வந்தார்.

"நீ வந்து கையொப்பம் வைக்கணுமாம். இத்தாவில இருக்கிற பொம்புளைய நான் கூப்பிடலாமா, முடியட்டும் என்கார் ஹாஜியார். நல்ல மனுசன்."

எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. முப்பத்தொன்றாம் திகதி காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினேன். இவருடைய மூத்த சகோதரி சபூறா ராத்தா கதவை மறித்தா.

"மவுத்தானவன்ட மண் காயல்ல. நீ காசிக்கட்டோட றோட்டுக்கு இறங்கப்போறியா?"

நான் உட்கார்ந்தேன்.

இத்தா முடிந்து நொத்தாரிசின் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே ஹாஜியார் உறுதியைப் பிரித்துத் திகதியில் விரலை வைத்தார். "தவணை பெயித்தே புள்ள. இப்ப அந்த வளவு ரெண்டு லட்சம் போகும். நீங்க வீட்டில இருங்க, ஆர் எழும்பச் சொன்ன? மாசம் முந்நூறு வாடகை தாங்க, போதும்."

நொத்தாரிசின் கிளாக்கர் குணம் வெளியே வந்து தயங்கி நின்றார். "அக்கா, எங்களிட்ட ஒரு ஆளை அனுப்பியிருந்தா ஐயாவும் நானும் வீட்டுக்கே வந்திருப்பமே. திரைக்கு அங்கால இருந்து கையொப்பம் வைக்கலாம். எத்தனை பேர் வச்சிருக்காங்க."

அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அட்டாளைச்சேனையிலிருந்து ஸுல்பிகாவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தா, கிணற்றைப் பார்த்தா, நாலு அறையையும் எண்ணினா. பிறகு மெதுவாக, "உறுதி ஆர்ட பேர்ல இருக்கு?" என்று கேட்டா.

நான் சொன்னேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் முதலாந் திகதி. சாரத்து முடிச்சை அவிழ்த்து ஹாஜியாருக்கு முந்நூறு எடுத்தேன்.