முப்பத்தொன்றாம் தேதி, சிவப்பு பியூக் கார்

"ஆறாயிரம்னு நீதானடி சொன்னே?"

"காரோட மதிப்பு ஆறாயிரம்னு பழைய கார் விலைப் புத்தகத்துல போட்டிருக்குன்னேன். உன் கைக்கு வரும்னு சொன்னேனா? நீயா கணக்குப் போட்டுக்கிட்ட."

"ஏய் லாரிக்காரா, நீ சொல்லு. இவ காரைத் தர்மத்துக்குக் குடுத்தா கவர்மென்ட் எவ்வளவு தரும்?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அமெரிக்காவின் டோலிடோ நகரத்தில் தானம் கொடுத்த கார்களை இழுத்துப் போவது பதினோரு வருடமாக என் வேலை. டிசம்பர் கடைசி வாரத்தில் ஊரே தர்மவானாகிவிடும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வண்டி கை மாறினால்தான் அந்த வருட வரியில் காட்டலாம். அன்றைக்கு இது ஏழாவது வண்டி. எனக்குப் பசி.

"கவர்மென்ட் ஒண்ணும் தராது. ஏலத்துல என்ன விலைக்குப் போகுதோ, அதை வருமானத்துல கழிச்சுக் காட்டலாம். இது ஐந்நூறுக்குப் போனாலே பெரிசு. வரியில மிச்சம் அறுபது டாலர் வரும்."

"அதுல பாதி முப்பது," என்றான் ராய்ஸ். "முப்பது டாலருக்கா சாவியக் குடுத்தேன்?"

கார் அவன் மனைவி வெர்லீன் பெயரில்தான் இருந்தது. பிரிந்து எட்டு மாதமாகியும் ராய்ஸ் அதை விடவில்லை. அவள் வேலைக்குப் போனால் பின்னால் வரும். இரவில் அவள் வீட்டு எதிரில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும். காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அவளே இதை என்னிடம் சொன்னாள். வரியில் மிச்சமாவதில் பாதி தருகிறேன் என்று ஆசை காட்டித்தான் சாவியை வாங்கியிருந்தாள்.

அவன் டிக்கியைத் திறந்து சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்தான். முதல் அடியில் முன்கண்ணாடி உள்ளே விழுந்தது.

"ஐந்நூறா? இந்தா, நானூறு!" கதவு நசுங்கியது. "முந்நூறு! வந்து ஏலம் கேளுங்கடா!"

வெர்லீன் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அதைக் கழற்றாமல் நான் வண்டியை ஏற்ற முடியாது. அவள் எழுந்து காரின் விளக்குக்கு முன்னால் நின்றாள்.

"நல்லா அடி. தகரமா நசுங்கினாலும் இவங்க எடுத்துட்டுத்தான் போவாங்க."

கம்பி அவள் இடது முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தேன். அவன் முழங்கை என் வாயில் மோத, ஒரு பல்லைத் துப்பினேன். அவன் மறுபடி கம்பியை ஓங்கினான், இந்த முறை அவள் தலைக்கு. அவள் வலது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. குனிந்து அவன் தொடையில் பிடி வரைக்கும் இறக்கினாள், உருவினாள்.

ராய்ஸ் பனியில் உட்கார்ந்தான். முகத்தில் வலி தெரியவில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவே ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. பெல்ட்டைக் கழற்றி அவன் தொடையை இறுக்கினேன். நிற்கவில்லை. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தேன்.

வெர்லீன் என் பக்கத்தில் மண்டியிட்டாள். முறிந்த கை மடியில் கிடந்தது.

"போலீஸ் வந்தா காரைச் சாட்சின்னு நிறுத்தி வச்சிடுவாங்க அண்ணே. இவன் வெளிய வந்ததும் மறுபடி இதுலதான் என் பின்னால வருவான்." கழற்றிய நம்பர் பிளேட்டை என் காலடியில் வைத்தாள். "முதல்ல வண்டிய ஏத்துங்க. அப்புறம் போன் பண்ணுங்க."