பீரோக்களுக்கு நடுவே பெரியக்கா

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த பெரியக்கா, ஒரு சாண் அகல இடுக்கில் நாற்பது அடி தூரம் நீந்திப் போன வாரத்தில்தான் கேன்டீனில் டீ விலையும் ஏறியது. டீ விலையைப் பற்றித்தான் பேச்சு அதிகமாக இருந்தது.

பெரியக்கா என்பது வயதைப் பார்த்து வைத்த பெயரில்லை. கைப்பிடி வைத்த நாற்காலி எதுவும் அவருக்குக் கொள்ளாது. பத்தொன்பது வருடமாக மைக்ரோஸ்கோப்பில் வெள்ளை அணுக்களைப் பார்த்துவந்தார். அகலமான இடத்தில் விட்டால் திக்குத் தெரியாமல் உழன்றுகொண்டிருக்கும் அணு, ஒரு இடுக்கு கிடைத்துவிட்டால் ஆளே மாறிவிடும். முன்னால் கொஞ்சம் பிதுங்கி, இரண்டு பக்கமும் உப்பி உந்தி, பின்பக்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விடும். “எலும்பில்லாததுங்க, குடுத்து வச்சதுங்க” என்பார். அதே பத்தொன்பது வருடத்தில், பரிசோதனைக்கூடத்துக்கும் ஆபரேஷன் அறைக்கும் நடுவே இருந்த நடைவழியில் உடைந்த பீரோக்கள் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றைக் கழித்துக்கட்டும் உத்தரவு ஒரு பீரோவுக்குள் இருந்தது. அதன் சாவி இன்னொரு பீரோவுக்குள் இருந்தது.

ஒரு நாள் மதியம், பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரியக்கா பொருத்தம் பார்த்து ரத்தப் பையோடு ஓடிவந்தபோது, பீரோக்கள் சரிந்து ஒரு சாண் வழிதான் மிச்சமிருந்தது. மறுமுனையிலிருந்து நர்ஸ் சொன்னாள்: “சுத்தி வந்தா கால் மணி நேரம் ஆகும்க்கா. அதுவரைக்கும் அவங்க தாங்க மாட்டாங்க.”

பெரியக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பையை முன்னால் நீட்டி, அதன் பின்னாலேயே கையை, தோளை, தலையை அனுப்பினார். உடம்பு இரண்டு பக்கமும் பீரோக்களில் உப்பி உந்தி, பின்னால் மிச்சமிருந்ததை இழுத்துக்கொண்டது. கால் தரையில் படவில்லை. பாதி வழியில் எதையாவது விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று பயம் வந்தது. திரும்பிப் பார்க்கலாமென்றால் கழுத்து எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மறுமுனையில் மறுபடி ஆளாகத் திரண்டு பையைக் கொடுத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

பெரியக்காவின் கணவர் தையல்காரர். அன்று சாயங்காலம் சட்டைக்கு அளவெடுத்தவர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார்.

“காலையில ஒரு அளவு, இப்ப ஒரு அளவு. நான் யாருக்குத் தைக்கிறது?”

“ரெண்டு பேருக்கும் தைங்க” என்றார் பெரியக்கா.

அவரைக் கௌரவிக்க நினைத்த தலைமை மருத்துவர், பூட்டுகளை உடைத்து நடைவழியைக் காலி செய்தார். அகலமான இடத்தில் பெரியக்காவுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை; நடுவழியில் நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தார். அதே நாற்பது அடிக்கு அரை மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் டாக்டர்களே பீரோக்களைத் தூக்கிவந்து வைத்தார்கள். ‘இடைவெளி ஒரு சாண், கூடவும் கூடாது, குறையவும் கூடாது’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒல்லிக்குச்சியான தலைமைக் குமாஸ்தாவும் நுழைந்து, திங்கள் முதல் புதன்வரை மாட்டிக்கொண்டார். பிதுங்கத் தெரியாதவர். கோப்புகளை இடுக்கு வழியாகவே அனுப்பினார்கள். கையெழுத்து ஒன்றும் தடைபடவில்லை.

வருடங்கள் போயின. தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி அந்த இடுக்கருகே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, நர்ஸ் தலை நிமிராமல் சொன்னாள்: “ரத்தம் வருது சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” அதிகாரி தள்ளி நின்றார். பெரியக்கா முழுதாக வந்து சேரும்வரை காத்திருந்துவிட்டு, மின்விசிறியில் ஏன் இவ்வளவு தூசி என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.