உள் நிர்வாகம்

"அந்த விதியை ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும் சார்," என்று தையல்காரம்மா கேட்டபோது, தலைமைச் செயலகப் பிரிவு அலுவலர் நிமிராமலேயே பதில் சொல்லிவிட்டார்.

"அது உள் நிர்வாகம்மா. அரசிதழ்ல வராது. வெளியாளுக்கு நகல் தர்றதில்ல."

அவள் நகரவில்லை. மூன்று பேருந்து மாறி வந்தவள். சிறையில் இருக்கும் கணவனைப் பார்க்க மாதம் இருமுறை மகளோடு போவாள். போன மாதம் வரை கம்பி இடுக்கில் கைவிட்டு அவன் மகளின் தலையை வருடுவான். இப்போது குறுக்கே கண்ணாடி, பேச ஒரு தொலைபேசி. கேட்டால் புது விதி என்கிறார்கள். இரண்டு தரமாக அந்தப் பிள்ளை தொலைபேசியைக் கையால்கூடத் தொடவில்லை.

"உள் நிர்வாகம்னா உள்ள இருக்கறவங்களுக்குத்தானே சார்? நானும் எம் பொண்ணும் வெளியில இருக்கோமே. எங்களுக்குப் போட்ட விதியை நாங்க படிக்கக் கூடாதா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

சட்டத்தின் கீழ் துறைகள் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் விதிகளெல்லாம் அவர் மேசையில்தான் வகை பிரியும். மக்களைத் தொடுகிற விதி அரசிதழில் அச்சாகும், சட்டசபையின் முன் வைக்கப்படும், யாரும் ஆட்சேபம் எழுதலாம். உள் நிர்வாகம் என்றால் இவை எல்லாவற்றிலிருந்தும் விலக்கு. ஒரு முத்திரை, அப்புறம் அலமாரி. ஒரு கமா விடுபட்டாலும் கோப்பைத் திருப்பியனுப்புகிறவர் என்பதால் ஆபீசில் அவருக்குக் 'கமா' என்றே பெயர்.

அவள் போனதும் கோப்பை எடுத்தார். 'சிறைப் பார்வையாளர் கூடத்தை மாற்றியமைத்தல்.' பதினோரு இடத்தில் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். ஏதோ கட்டட வேலை என்று நினைத்து விலக்கு முத்திரையைக் குத்தியிருக்கிறார். ஆறாம் பக்கத்தில் இருந்தது: 'உடல் தொடர்பு அனுமதிக்கப்படாது.' அந்த வரியில் அவர் எழுத்துப்பிழைகூடத் திருத்தியிருந்தார். அர்த்தம் மட்டும் அன்று கண்ணில் படவில்லை.

மறுநாள் துணைச் செயலாளரின் முன்னால் போய் நின்றார்.

"வகையை மாத்தச் சொல்றீங்களா? அப்புறம் நீங்க முத்திரை குத்தின எல்லாக் கோப்பையும் தோண்டுவாங்க சார். ஓய்வுக்கு ஏழு மாசம்தானே இருக்கு? பேசாம இருங்களேன்." குரலில் மிரட்டல் இல்லை, அக்கறைதான் இருந்தது.

"தோண்டட்டும் மேடம். இன்னும் எதெதுல இப்படிக் குத்தியிருக்கேன்னு எனக்கே தெரியல."

குறிப்பை அவரே கைப்பட எழுதினார். 'வகைப்படுத்தியதில் நேர்ந்த பிழை என்னுடையது.' கீழே கையெழுத்துப் போட்டார்.

அவருடைய பழைய கோப்புகள் இரண்டு வண்டிகளில் ஏறித் தணிக்கைக்குப் போயின. ஐந்து வாரம் கழித்து விதி அரசிதழில் வந்தது. முடிவாகும்வரை கண்ணாடி இருக்கும். ஆட்சேபத்துக்கு முப்பது நாள் அவகாசம். அவரே தையல்காரம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் நீட்டிய அரசிதழில் அந்த வரியின் மேல் விரல் வைத்து, உதடு அசைய இருமுறை படித்தாள்.

"கண்ணாடியை எடுத்துடுவாங்களா சார்?"

"தெரியலம்மா. ஆனா நீங்க எழுதறதை அவங்க படிச்சுத்தான் ஆகணும்."

ஆட்சேபப் படிவத்தில் 'இவ்விதியால் தங்களுக்கு நேரும் பாதிப்பு' என்ற கேள்விக்குக் கீழே ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, மகளை மடியில் ஏற்றிக்கொண்டு, தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் மேலிருந்து எழுதத் தொடங்கினாள்.